ராணுவத்தில் நடந்த பாலியல் குற்றத்துக்கு எத்தனை வருடம் வரை வழக்குத் தொடுக்கலாம்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அமெரிக்க விமானப்படை அதிகாரி ஒருவர் 2005ல் செய்த வன்புணர்வுக்காக 2014ல் தண்டிக்கப்பட்டார். 2019ல் 'காலம் கடந்துவிட்டது' என்று அதை ரத்து செய்தார்கள். 2020ல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. குற்றம் நடந்ததா என்ற பேச்சே இல்லாமல், வெறும் தேதியை வைத்து எப்படி இப்படி மாற்றி மாற்றித் தீர்ப்பு வருகிறது? நம் ராணுவத்திலும் இப்படி வரம்பு உண்டா?"

உண்டு, இரண்டு நாட்டிலும் உண்டு. அமெரிக்க ராணுவ நீதிச் சட்டத்தின் 43வது பிரிவுப்படி இன்றைக்கு வன்புணர்வுக்கும் பாலியல் தாக்குதலுக்கும் காலவரம்பே கிடையாது. குழந்தைகள் மீதான துன்புறுத்தல் குற்றங்கள் பலவற்றுக்கு, அந்தக் குழந்தை உயிரோடு இருக்கும் காலம் முழுக்க, அல்லது குற்றம் நடந்து 10 வருடம், எது நீளமோ அதுவரை வழக்குத் தொடுக்கலாம். மற்ற பெரும்பாலான குற்றங்களுக்கு 5 வருடம். இந்தியாவில் 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 122வது பிரிவு பொதுவாக 3 வருடம்தான் தருகிறது. நம்மூர் நிலவரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கிரிமினல் வழக்குகள் நடத்துபவன். படைத்துறைத் தீர்ப்பாயத்துக்கும் போய் வருகிறேன். எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்வேன். சம்பவம் என்றைக்கு, புகார் என்றைக்கு, விசாரணை என்றைக்கு, அந்தந்த நாளில் சட்டம் எப்படி இருந்தது. நீங்கள் கேட்ட வழக்கையும் அப்படி எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

ஐடஹோ மாநிலத்தில் மவுன்டன் ஹோம் என்ற விமானப்படைத் தளம். 2005 மே மாதம். மைக்கேல் பிரிக்ஸ் அப்போது கேப்டன், எஃப்-16 விமானி. பாதிக்கப்பட்டவர் அவரைவிடப் பல படி கீழே இருந்த இளம் பெண். பல வருடம் கழித்து, 2013ல், அந்தப் பெண் அவருக்குத் தொலைபேசியில் பேசி, பேச்சைப் பதிவு செய்கிறார். முதலில் மறுத்த அவர், பிறகு, உன்னை வன்புணர்ந்ததற்காக நான் என்றைக்கும் வருந்துவேன் என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். இதைவிட வலுவான சாட்சியம் இந்த மாதிரி வழக்குகளில் கிடைப்பது அபூர்வம். 2014ல் ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 5 மாதச் சிறை, பணியிலிருந்து நீக்கம், கண்டனம். ஒப்புதலே ஒலிநாடாவில் இருக்கும்போது 5 மாதம் போதுமா என்று எனக்கும் கோபம் வருகிறது, ஆனால் உங்கள் கேள்வி அதைப் பற்றியது அல்ல.

மேல்முறையீட்டில் வந்த வாதம் இது: குற்றம் 2005ல். வழக்கு 2014ல். இடையில் 9 வருடம். சட்டப்படி 5 வருடம்தானே?

இதற்கு விடை ஒரே ஒரு சொற்றொடரில் மாட்டிக்கொண்டிருந்தது. 1986ல் அமெரிக்க நாடாளுமன்றம் 43வது பிரிவைத் திருத்தியபோது, "மரண தண்டனை விதிக்கத்தக்க எந்தக் குற்றத்துக்கும்" காலவரம்பு இல்லை என்று எழுதியது. அதே சட்டத்தில் வன்புணர்வைப் பற்றிய 120வது பிரிவு, அந்தக் குற்றத்துக்கு மரணமோ, ராணுவ நீதிமன்றம் விதிக்கும் வேறு தண்டனையோ வழங்கலாம் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கணக்கு எளிது: வன்புணர்வுக்கு மரண தண்டனை விதிக்கலாம், ஆகவே காலவரம்பு இல்லை.

ஆனால் 1977லேயே கோக்கர் எதிர் ஜார்ஜியா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த பெண்ணை வன்புணர்ந்ததற்கு மரண தண்டனை விதிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லியிருந்தது. அது ராணுவம் சாராத ஒரு மாநில வழக்கு. ராணுவச் சட்டப் புத்தகத்தில் "மரணம்" என்ற சொல் அப்படியே நின்றது. நடைமுறையில் அது பெயரளவுக்குத்தான். அமெரிக்க ராணுவம் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1961ல். 11 வயது ஆஸ்திரியச் சிறுமியை வன்புணர்ந்து கொல்ல முயன்ற ஒரு படைவீரர் அவர். அதற்குப் பிறகு யாருக்கும் எந்தக் குற்றத்துக்காகவும் அங்கே அந்தத் தண்டனை நிறைவேறவில்லை.

ஆக, விதிக்கவே முடியாத ஒரு தண்டனை தாளில் இருக்கிறது. அந்தத் தண்டனையைப் பிடித்துக்கொண்டு காலவரம்பு இல்லை என்கிறோம். இது செல்லுமா?

1998ல் ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம், வில்லன்பிரிங் வழக்கில், செல்லும் என்றது. அடுத்த 20 வருடம் எல்லோரும் அதை நம்பி நடந்தார்கள். பழைய புகார்களை எடுத்தார்கள், பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். 2018 பிப்ரவரியில் மங்காஹாஸ் வழக்கு. 1997ல் நடந்ததாகச் சொல்லப்பட்ட குற்றம், 2015ல் குற்றச்சாட்டு. அதே நீதிமன்றம் இப்போது தன் பழைய தீர்ப்பைத் தானே தள்ளிவிட்டு, "விதிக்க முடியாத தண்டனை விதிக்கத்தக்கது ஆகாது, ஆகவே 5 வருடம்தான்" என்றது. 2019ல் பிரிக்ஸ் தப்பியது இந்த வழியில்தான். அவர் மட்டுமல்ல, காலின்ஸ், டேனியல்ஸ் என்ற இன்னும் இரண்டு விமானப்படையினரின் தண்டனைகளும் விழுந்தன.

இடையில் நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 2006 ஜனவரி 6 முதல் "வன்புணர்வு" என்ற சொல்லையே 43வது பிரிவுக்குள் நேரடியாக எழுதிவிட்டது. பிரிக்ஸ் வழக்கின் குற்றம் 2005 மே. எட்டு மாதம் முந்தி நடந்த குற்றத்துக்குப் புதிய சட்டம் பொருந்தாது என்றார்கள். என் தாளில் எழுதியிருந்தால் இந்த இரண்டு தேதிக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

2020 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுப் பேர் ஒருமனதாக அதை மாற்றியது. நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பு நீளமானது அல்ல. அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ராணுவச் சட்டத்தைப் படிக்கும் ஒருவர் ஒரு குற்றத்துக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்துக்குள்தான் தேடுவார். அங்கே "மரணம்" என்று எழுதியிருந்தால் அவருக்கு அது மரண தண்டனைக் குற்றம்தான். காலவரம்புச் சட்டம் என்றால் இன்ன தேதியோடு முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். மரண தண்டனை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று காலத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும் அரசியலமைப்பு விவாதத்தில் அந்தத் தேதியைக் கட்டிவைத்தால், கடைசித் தீர்ப்பு வரும்வரை யாருக்குமே அது தெரியாது. அப்புறம், ஒரு தண்டனை கொடூரமானதா என்று கேட்பது வேறு, எத்தனை வருடம் கழித்து வழக்குத் தொடுக்கலாம் என்று கேட்பது வேறு. வன்புணர்வில் பாதிக்கப்பட்டவர் வாய்திறக்கவும் சாட்சியம் திரட்டவும் ஏற்படும் கஷ்டம் இரண்டாவது கேள்விக்குள் வரும், முதல் கேள்விக்குள் வராது.

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2008ல் கென்னடி எதிர் லூசியானா வழக்கில், குழந்தையை வன்புணர்ந்ததற்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எந்தெந்தச் சட்டம் அதை அனுமதிக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். ராணுவச் சட்டம் அனுமதிக்கிறது என்பதை வழக்காடிய இரு தரப்பும் கவனிக்கவில்லை, நீதிபதிகளும் கவனிக்கவில்லை. தீர்ப்பு வந்த பிறகுதான் ராணுவச் சட்டம் தெரிந்த ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்துக்கே ராணுவச் சட்டம் கண்ணில் படாத ஒரு மூலையில் இருந்தது என்றால், பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்த ஒரு பெண்ணுக்குத் தன் உரிமை எந்தத் தேதியோடு முடிகிறது என்று எப்படித் தெரிந்திருக்கும்?

இதைவிடக் கடினமான சங்கதி, கடிகாரம் எப்போது நிற்கிறது என்பது. புகார் கொடுத்தால் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிற்காது. அமெரிக்க ராணுவத்தில் குற்றச்சாட்டுப் பத்திரம் என்று அச்சிட்ட ஒரு படிவம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயர், பதவி, படைப்பிரிவு, சம்பளம், கீழே குற்றச்சாட்டு. அதற்குக் கீழே குற்றஞ்சாட்டுபவரின் சத்தியப்பிரமாணம். அடுத்த பக்கத்தில் ஒரு சிறு கட்டம்: "பிரமாணம் செய்யப்பட்ட குற்றச்சாட்டுகள் இத்தனை மணிக்கு, இந்தத் தேதியில், இந்த இடத்தில் பெறப்பட்டன." அதற்குரிய அதிகாரி சார்பில் அந்தக் கட்டத்தில் மணியும் தேதியும் எழுதிக் கையெழுத்திடும் கணத்தில்தான் கடிகாரம் நிற்கிறது. அதுவரை அந்தப் பெண் எத்தனை முறை அழுது சொல்லியிருந்தாலும், புலனாய்வாளர்கள் எத்தனை மாதம் விசாரித்திருந்தாலும், சட்டத்தின் கணக்கில் அந்த நாட்கள் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. மணிக்கணக்குக்குக்கூட இடம் விட்டிருக்கிறார்கள், பாருங்கள். கடைசி நாளின் கடைசி மணியில் வழக்கு பிழைத்ததா செத்ததா என்பதை அந்தக் கட்டம்தான் சொல்லும்.

காலவரம்பே தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காகவும் நான் வாதாடியிருக்கிறேன். பத்து வருடம் கழித்து ஒருவரிடம், அந்த மார்ச் மாத இரவில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ராணுவத்தில் இது இன்னும் மோசம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார், பணிப் பதிவேடு அழிக்கப்பட்டிருக்கும், கூட இருந்தவர் ஓய்வு பெற்று எங்கோ போயிருப்பார். நிரபராதிக்கு இது உண்மையான ஆபத்து.

ஆனால் இந்த நியாயம் முழுவதும், பாதிக்கப்பட்டவர் நினைத்தால் அன்றைக்கே புகார் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. படைக்குள் அது பொய். வெளியே ஒரு பெண்ணுக்குக் காவல் நிலையம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு, குடியிருக்கும் வீடு வேறு. படைத்தளத்தில் மூன்றும் ஒன்று. தூங்கும் அறையும் சாப்பிடும் கூடமும் தளத்துக்குள்தான். விடுப்புக்குக் கையெழுத்து வேண்டும், பதவி உயர்வுக்கு ரகசிய அறிக்கை வேண்டும், இடமாற்றத்துக்குச் சிபாரிசு வேண்டும். எல்லாம் அதே அதிகார வரிசையிலிருந்துதான் வர வேண்டும். குற்றவாளி அந்த வரிசையில் மேலே இருக்கிறார். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவரும் அதே வரிசையில் இன்னும் மேலே இருக்கிறார். அமெரிக்காவில் இந்த முடிவைக் கமாண்டர்களின் கையிலிருந்து எடுத்துத் தனி ராணுவ வழக்கறிஞர்களிடம் கொடுத்தது 2023 டிசம்பர் கடைசியில்தான், அதுவும் வன்புணர்வு, கொலை போன்ற சில குற்றங்களுக்கு மட்டும். அதற்கு முந்திய எழுபது வருடங்களில் ஒரு பெண் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்துக்கு அந்த அமைப்பும் பொறுப்பு. மௌனமாக இருக்க வைத்த அமைப்பே, ஏன் இவ்வளவு நாள் மௌனமாக இருந்தாய் என்று கேட்டுக் கதவை மூடுவது நியாயமே இல்லை. இந்த விவகாரத்தில் நான் நிற்கும் இடம் அதுதான்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கொடுமை. படைவீரரின் மகளுக்கு 7 வயதில் நடந்தால், பழைய 5 வருடக் கணக்குப்படி அவளுக்கு 12 வயதாகும்போது கதவு மூடிவிடும். தனக்கு நடந்தது குற்றம் என்றே பல குழந்தைகளுக்குப் புரியாத வயது அது. சொன்னால் அப்பாவின் சம்பளம் போகும், தளத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டில் பெரியவர்களே வாயை மூடுவார்கள். இதை உணர்ந்து 2003ல், குழந்தைக்கு 25 வயது ஆகும்வரை வழக்குத் தொடுக்கலாம் என்று திருத்தினார்கள். 2006ல் அதைக் குழந்தையின் ஆயுள் முழுக்க என்று நீட்டினார்கள். நல்ல திருத்தங்கள்தான். ஆனால் 2008ல் லோபெஸ் டி விக்டோரியா வழக்கில் ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம், 2003 திருத்தம் அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பொருந்தாது என்றது. பின்தேதியிட்டுப் பொருந்தும் என்று நாடாளுமன்றம் தெளிவாக எழுதவில்லை என்பது காரணம்.

எழுதியிருந்தாலும் எல்லா வழக்கையும் காப்பாற்றியிருக்க முடியாது. 2003ல் ஸ்டாக்னர் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: ஏற்கெனவே காலவரம்பு முடிந்துபோன குற்றத்தைப் புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பிக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தில் நேரத்தைக் கூட்டலாம். நின்றுபோன கடிகாரத்தை மறுபடி ஓடவிட முடியாது. ஆகவே இந்தச் சட்டங்களைத் திருத்துவதில் தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் சில வழக்குகள் நிரந்தரமாகச் சாகின்றன.

படைக்குள் கதவு மூடினாலும் வெளியே திறந்திருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ராணுவ மேஜர் ஜெனரல் ஒருவர் மீது, 1980களில் ஒரு சிறுமியைப் பல வருடம் வன்புணர்ந்ததாக 2017ல் ராணுவம் குற்றஞ்சாட்டியது. (அமெரிக்காவில் ஓய்வூதியம் வாங்கும் படையினர் ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே.) 2018ல் மங்காஹாஸ் தீர்ப்பு வந்ததும் அந்த வழக்கு தள்ளுபடியானது. ஆனால் வர்ஜீனியா மாநிலத்தில் பெருங்குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. அந்த வருட முடிவிலேயே அங்குள்ள மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்கைக் கையில் எடுத்தார். 2020ல் அந்த மேஜர் ஜெனரல் பாலியல் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ராணுவச் சட்டம் கைவிட்ட அதே குற்றத்தை, சாதாரண மாநிலச் சட்டம் முப்பது வருடம் கழித்துப் பிடித்தது.

சரி, இனி இந்தியா.

நம் ராணுவச் சட்டத்தின் 122வது பிரிவு 3 வருடம் என்கிறது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனிச் சட்டங்கள், அவற்றிலும் அதே 3 வருடம்தான். வரம்பே இல்லாத குற்றங்கள் சில உண்டு: படையை விட்டு ஓடுவது, மோசடியாகப் படையில் சேருவது, கலகம். பட்டியலைக் கவனியுங்கள். எல்லாமே படைக்கு எதிரான குற்றங்கள். ஓடிப்போனவனை எத்தனை வருடம் கழித்தும் பிடிக்கலாம்; கூடப் பணிபுரியும் பெண்ணை வன்புணர்ந்தவனை ராணுவ நீதிமன்றம் 3 வருடத்துக்குப் பிறகு தொட முடியாது.

கடிகாரம் எப்போது தொடங்கும்? குற்றம் நடந்த நாளிலிருந்து. குற்றம் நடந்தது பாதிக்கப்பட்டவருக்கோ நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரிக்கோ அப்போது தெரியாவிட்டால், இருவரில் யாருக்கு முதலில் தெரிகிறதோ அந்த நாளிலிருந்து. குற்றவாளி யார் என்று தெரியாவிட்டால், தெரிந்த நாளிலிருந்து. பணக் கையாடலுக்கு இது நல்ல விதி, தணிக்கையில் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். பாலியல் குற்றத்துக்கு இது உதவவே உதவாது. தனக்கு நடந்தது அந்தப் பெண்ணுக்கு அன்றிரவே தெரியும், செய்தவனையும் தெரியும். "முதலில் யாருக்குத் தெரிந்ததோ" என்ற சொற்களே அவளுக்கு எதிராக வேலை செய்யும்.

நிற்கும் இடமும் அமெரிக்காவைவிடக் கடினம். அங்கே பத்திரத்தைப் பெற்றுக் கையெழுத்திட்டால் போதும். இங்கே 3 வருடத்துக்குள் விசாரணையே தொடங்கியாக வேண்டும். அதற்கு முன் விசாரணை மன்றம், கமாண்டிங் ஆபீஸர் முன் குற்றச்சாட்டு விசாரிப்பு, சாட்சியத் தொகுப்பு என்று வரிசையாகப் படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சாட்சிகளை வெவ்வேறு ஊர்ப் பிரிவுகளிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துப் புகார் கொடுத்தவருக்கு மீதி இரண்டு வருடம் இந்தப் படிகளிலேயே கரைந்துவிடும். கரைந்த பிறகு நிர்வாக ரீதியில் பணிநீக்கம் செய்யலாமே என்றால், 1996ல் உச்ச நீதிமன்றம் ஒரு மேஜரின் வழக்கில் அந்தக் குறுக்குவழியையும் அடைத்துவிட்டது. காலம் கடந்ததால் விசாரிக்க முடியாமல் போனதை, "விசாரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது" என்று மாற்றிச் சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் இந்த 3 வருடம் ராணுவ நீதிமன்றத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சாதாரண குற்றவியல் நீதிமன்றத்தில், 3 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் காலவரம்பு. வன்புணர்வு அதற்கு மேலே போய்விடுவதால் வரம்பு இல்லை. போக்சோ சட்டத்தின் கீழ், குழந்தையாக இருந்தபோது நடந்ததை வளர்ந்த பிறகும் புகார் கொடுக்கலாம் என்று 2018ல் மத்திய அரசே தெளிவுபடுத்தியது. பாதிக்கப்பட்டவர் படையைச் சேராதவர் என்றால், 70வது பிரிவுப்படி பொதுவாக ராணுவ நீதிமன்றம் அந்த வன்புணர்வு வழக்கை விசாரிக்கவே முடியாது. போர்முனைப் பணி, வெளிநாடு, அறிவிக்கப்பட்ட எல்லைப்புற நிலையம் ஆகியவை விதிவிலக்கு. சிக்கல் அந்த விதிவிலக்கில்தான். அங்கெல்லாம் எந்த நீதிமன்றம் என்பதை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை 125வது பிரிவில் ராணுவ அதிகாரிக்கு இருக்கிறது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் உள்ள இடம் என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். 2013ல் நீதிபதி வர்மா குழு, பாலியல் குற்றங்களுக்கு இந்த அனுமதி கூடாது என்று பரிந்துரைத்தது. மற்ற அரசு ஊழியர்கள் விஷயத்தில் அதே வருடம் சட்டம் திருத்தப்பட்டது. சிறப்பு அதிகாரச் சட்டத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

ஆகவே உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இது நடந்திருந்தால், படைக்குள் கொடுத்த புகாரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும், அந்த எல்லைக்குள் நடக்காத குற்றமாக இருந்தாலும், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் என்றால் உள்ளகப் புகார்க் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுத வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் தரலாம். வழக்கறிஞரிடம் போகும்போது ஒரு தாளில் தேதிகளை எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள்: நடந்த நாள், முதன்முதலாக யாரிடம் சொன்னார், அந்த நாள், எழுத்தில் கொடுத்த நாள், அதைப் பெற்றுக்கொண்ட கையெழுத்து யாருடையது. நகல் கையில் இல்லையென்றால் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.